டீ கிளாஸில் வேர் விடாத வெங்காயம்

பச்சைமலை அடிவாரத்துக்கு, குறிப்பாக அரும்பாவூர்ப் பக்கம் போக வழி கேட்டு மூன்று பேர் எனக்கு எழுதியிருக்கிறார்கள். வழி சொல்கிறேன். ஆனால் அந்தப் பாதையில் நான் முதல்முறை போன காரணத்தைச் சொல்லாமல் வழியை மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. எரிச்சலில் பாதி என்மேலேயே என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எண்பத்தாறாம் வருடம், கார்த்திகை மாதம். திருச்சியில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் நான் உதவியாளனாக இருந்தேன். வெளிநாட்டில் ஓர் அணு உலை வெடித்து, பேப்பர் முழுக்க அதே பேச்சாக இருந்த வருடம் அது. பால் பவுடரில் கதிர்வீச்சு, வெண்ணெயில் கதிர்வீச்சு என்று டீக்கடையில்கூடப் பேசிக்கொண்டார்கள். அந்தச் சமயத்தில்தான் அரும்பாவூருக்கு அருகே ஒரு கிராமத்திலிருந்து எங்கள் கல்லூரிக்கு ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் துரைராஜ் என்ற விவசாயி. அரியலூர் மண்டி ஒன்றில் வாங்கி நட்ட சின்ன வெங்காயம் முளைக்கவே இல்லை, அது கதிர் காட்டிய வெங்காயம் என்று மூட்டை தூக்குகிறவர் சொல்கிறார், உங்களிடம் மெஷின் இருக்கிறதாமே, வந்து பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்.

எங்கள் துறைத்தலைவருக்கு ஒரே குஷி. கிராமத்துக்கு அறிவியல் சேவை என்று ஆண்டு அறிக்கையில் ஒரு வரி சேர்க்கலாம் அல்லவா? அவர் வரவில்லை. மெஷினையும் கல்லூரிப் பெயர் அச்சிட்ட வெள்ளைத்தாள் ஒன்றையும் என் கையில் கொடுத்து அனுப்பினார். அந்த மெஷின் ஒரு சின்ன ரேடியோப் பெட்டி அளவுதான் இருக்கும். வயரின் நுனியில் ஒரு குழாய். கதிர்வீச்சு உள்ள பொருளுக்குப் பக்கத்தில் குழாயைக் கொண்டுபோனால் பெட்டி டிக் டிக் டிக் என்று அலறும்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் காலை ஐந்தே முக்காலுக்கு பஸ். பெரம்பலூர் ஐம்பத்தாறு கிலோமீட்டர், என் குறிப்பேட்டின்படி டிக்கெட் நாலு ரூபாய் எண்பது காசு. சமயபுரம் தாண்டி, பாடாலூரில் டீக்கு நிறுத்தி, ஏழரைக்கு இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து கிருஷ்ணாபுரம் வழியாக அரும்பாவூர் போகும் டவுன் பஸ் எட்டு பத்துக்கு. இருபத்துநாலு கிலோமீட்டர், இரண்டு ரூபாய். வலது பக்க ஜன்னலில் உட்காராதீர்கள், காலை வெயில் முகத்திலேயே அடிக்கும். பெட்டியை மடியில் வைத்திருந்ததைப் பார்த்துக் கண்டக்டர், “என்னா சார், கச்சேரியா?” என்று கேட்டார். கதிர்வீச்சு பார்க்கிற மெஷின் என்றதும் எனக்குப் பக்கத்தில் இருந்தவர் எழுந்து பின் சீட்டுக்குப் போய்விட்டார்.

அரும்பாவூரில் இறங்கி மேற்கே மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டும். துரைராஜ் சைக்கிளோடு நின்றிருந்தார். போகிற வழியில் விஷயத்தைச் சொன்னார். அந்த ஊரில் சின்ன வெங்காயத்துக்கு விதையென்று தனியாக ஒன்றும் கிடையாது, வெங்காயத்தையே எடுத்து நடுவார்கள். அறுவடையில் நல்லதாகப் பொறுக்கி, மூங்கில் தட்டியில் காற்றுப் போகும்படி பட்டறை போட்டு இரண்டு மூன்று மாதம் வைத்திருப்பார்கள். அந்த வருடம் மழையில் பட்டறையெல்லாம் அழுகிவிட்டது. அரியலூரில் ரயிலில் வந்து இறங்கிய சரக்கு மண்டியில் இருக்கிறது என்று கேள்விப்பட்டு மூன்று குடும்பங்கள் போய் வாங்கி வந்தன.

“சரக்கு பாக்க அப்புடி இருந்துச்சுங்க. ஒரு அழுகல் கெடையாது, ஒண்ணுகூட மொளை வுடல. கெட்டி வெங்காயமா கல்லு மாதிரி இருந்துச்சு. விதைக்குன்னா இதுதான்னு எடுத்துட்டோம்,” என்றார்.

ஐப்பசி கடைசியில் நட்டிருக்கிறார்கள். எட்டாம் நாள் பச்சை தெரிய வேண்டும். இருபது நாளாகியும் வயல் வெறும் மண்ணாகக் கிடந்தது. தோண்டிப் பார்த்தால் வெங்காயம் வைத்தபடி அப்படியே இருந்தது.

அந்த வயல் வரப்பில்தான் காசியம்மாளை முதலில் பார்த்தேன். நாற்பது வயது இருக்கும். சொந்த நிலம் கிடையாது. பன்னிரண்டு பெண்களைச் சேர்த்து ஊர் ஊராக வெங்காயம் நடப் போகிறவர். அவர் கைராசிக்காரர் என்று சுற்றுவட்டத்தில் பேர். முதல் வெங்காயத்தை அவர் கையால் ஊன்றினால்தான் நடவு தொடங்கும் என்று வழக்கம். அந்த மூன்று வயலிலும் முதல் வெங்காயம் ஊன்றியது அவர்தான்.

மூன்று வயலும் முளைக்கவில்லை என்றதும் ஊர் என்ன செய்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்? மண்டிக்காரரைச் சந்தேகிப்பதற்கு முன்னால் காசியம்மாள் கையைச் சந்தேகித்தது. கைராசி போய்விட்டது என்று ஒருத்தர் வாயிலிருந்து கிளம்பிய பேச்சு ஒரே நாளில் நாலு ஊர் சுற்றிவிட்டது. அடுத்து நடவு வைத்திருந்த வயல்காரர்கள் எல்லாரும் வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவரோடு சேர்ந்து அந்தப் பன்னிரண்டு பெண்களும் வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். வெங்காயத்தைச் சோதிக்க என்னை மெஷினோடு அழைத்தவர்கள், அவருடைய கையைச் சோதிக்க எதுவுமே தேவையில்லை என்று நினைத்துவிட்டார்கள்.

துரைராஜ் மீதி வெங்காயத்தை ஒரு சாக்கில் கொண்டுவந்து வைத்தார். சுற்றிலும் கூட்டம். நான் பெரிய விஞ்ஞானி போல் குழாயை எடுத்து சாக்கின்மேல் பிடித்தேன். டிக் என்று ஒரு சத்தம், கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு டிக். அது காற்றிலேயே எப்போதும் இருக்கிற அளவுதான். வெறும் மண்ணில் வைத்துப் பார்த்தேன், அதே டிக். பத்து நிமிடம் பார்த்துவிட்டு, வெள்ளைத்தாளில் எழுதினேன்: “இந்த வெங்காயத்தில் கதிர்வீச்சு இல்லை.” கீழே கையெழுத்து, தேதி போட்டு துரைராஜிடம் கொடுத்தேன்.

காசியம்மாள் கூட்டத்துக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் பெட்டியை மூடும்போது கேட்டார்: “ஏன் சார், மிஷினு கத்தலன்னா வெங்காயத்துக்கு உசுரு இருக்குன்னு அர்த்தமா?”

தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். நான், “மெஷின் பொய் சொல்லாதும்மா” என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கிளம்பினேன். அந்த வாக்கியத்தை நினைத்தால் இன்றும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

பத்து நாள் கழித்து துரைராஜிடமிருந்து ஒரு கார்டு. என் கடிதத்தை அவர் மண்டிக்காரரிடம் காட்டப் போயிருக்கிறார். மண்டிக்காரர் அதை வாங்கிப் படித்து, ரொம்ப சந்தோஷம் என்று சொல்லி, கடையில் எல்லார் கண்ணிலும் படும்படி ஒட்டிவிட்டாராம். சரக்கில் குறையில்லை என்று காலேஜே சொல்லிவிட்டது, நட்டவள் கையில்தான் கோளாறு என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறாராம். காசியம்மாள் கடைத்தெருவுக்கு வருவதையே நிறுத்திவிட்டார் என்று கார்டு முடிந்திருந்தது.

அன்று மத்தியானமே தாவரவியல் துறையில் இருந்த பிலோமினா மேடத்திடம் போனேன். அவருக்குச் சொந்த ஊர் அரியலூர்ப் பக்கம் வரதராஜன்பேட்டை. வீட்டில் விவசாயம், அதனால் வெங்காயம் என்றதும் காது கொடுத்துக் கேட்டார். கேட்டு முடித்ததும் கோபம் வந்துவிட்டது அவருக்கு.

“ஏன்யா, சுவத்துல டார்ச் அடிச்சுட்டு அணைச்சுட்டா, மறுநாள் அந்தச் சுவத்துல வெளிச்சம் தேடுவியா நீ? கதிர் வெங்காயத்துக்குள்ள போயிட்டு வெளியே போயிடும். அங்கயே தங்காது. அத மெஷின் வச்சுத் தேடினா எப்படிக் கெடைக்கும்?” என்றார்.

பிறகு பொறுமையாக விளக்கினார். சேமிப்பில் முளைவிடாமல் இருப்பதற்காக வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றின்மீது கதிர் காட்டிப் பார்க்கும் சோதனைகள் அப்போது நடந்துகொண்டிருந்தன. அப்படிக் காட்டிய வெங்காயத்தைச் சமைத்துச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. அது கதிரை வெளியே விடுகிற பொருளாக மாறுவதில்லை. ஆனால் உள்ளே இருக்கிற குருத்து வளர்கிற சக்தியை இழந்துவிடும். எனவே கதிர் பட்டதா என்று பார்க்க வேண்டுமென்றால் கதிரைத் தேடக் கூடாது, அது செய்துவிட்டுப் போன காரியத்தைத் தேட வேண்டும். வேர் விடுகிறதா, குருத்து பச்சையாக இருக்கிறதா, பழுத்துப் பழுப்பாகிவிட்டதா என்று பார்க்க வேண்டும். அதோடு, கதிர் படாத வெங்காயத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் அது சோதனை.

இவ்வளவுதான் விஷயம். மாடியில் இயற்பியல், கீழே தாவரவியல், நடுவில் இருபத்திரண்டு படிக்கட்டு. அதை இறங்கிப் போய் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கிளம்பியிருந்தால் ஒரு பெண்ணின் பேர் கெட்டிருக்காது. துறைத்தலைவரிடம் போய்ச் சொன்னேன். “அறிக்கை அனுப்பியாச்சு, அத ஏன் கிளறுறே?” என்றார். மெஷினைத் தர மாட்டேன் என்றும் சொன்னார். எனக்கு இனி அது வேண்டாம் சார் என்று சொல்லிவிட்டு, ஒரு வாரம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இரண்டாவது பயணம் அதே ஐந்தே முக்கால் பஸ். இந்தத் தடவை மடியில் பெட்டி இல்லை. நேராகக் காசியம்மாள் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்றபடி, நான் எழுதியது தப்பு என்று சொன்னேன். அவர் உட்காரச் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

“தப்புன்னு எங்கிட்ட சொல்லி என்னா சார் ஆவப்போவுது? நான் நடறப்பவே சொன்னேன். வேர்த்தட்டு வறண்டு கெடக்கு, கையில எடுத்தா கனமே சரியில்ல, இது வேணாம் ஐயான்னு சொன்னேன். துட்டுக் குடுத்து வாங்கியாந்தது, நடுன்னாங்க. நட்டேன். இப்ப எங்கையி கெட்ட கையி,” என்றார்.

துரைராஜைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, “சொல்லுச்சுங்க. நான்தான் காதுல வாங்கல,” என்றார். இது முதல் கடிதத்தில் இல்லை, கார்டிலும் இல்லை. அவர் சொன்ன விதத்தில் எனக்கு அவர்மேல் வந்த கோபம் அப்படியே நின்றுவிட்டது, ஏனென்றால் நானும் அதே ரகம்தான்.

சோதனை என்றேன். டீ கிளாஸ் வேண்டும் என்றேன். அரும்பாவூர் டீக்கடையில் பன்னிரண்டு கண்ணாடி கிளாஸ் கடன் கேட்டோம். கடைக்காரர், “வெங்காயம் வச்ச கிளாஸ்ல அப்புறம் யாரு சார் டீ குடிப்பா?” என்று முணுமுணுத்தாலும் கொடுத்துவிட்டார். ஆறு கிளாஸுக்கு மண்டி வெங்காயம். மற்ற ஆறுக்கு எது என்று கேட்டபோது நான் கடையில் வாங்கலாம் என்று சொன்னேன். காசியம்மாள் விடவில்லை.

“புதுசா புடுங்குன வெங்காயம்னா அது நல்லதா இருந்தாலும் மொளைக்காது சார். ரெண்டு மூணு மாசம் பட்டறையில தூங்கி எந்திரிக்கணும். எம் வூட்டுப் பட்டறையில ஆவணியில வச்சது கொஞ்சம் தப்பிச்சுக் கெடக்கு, அத எடுங்க,” என்றார்.

அவர் சொன்னதுதான் சரி. நான் கடை வெங்காயத்தை வைத்திருந்தால் இரண்டாவது தடவையும் என் பேர் சந்தி சிரித்திருக்கும்.

துடைப்பக் குச்சி இரண்டை கிளாஸ் வாய்க்குக் குறுக்கே வைத்து, நடுவில் வெங்காயத்தை உட்கார வைத்தோம். வேர்ப்பக்கம் மட்டும் தண்ணீரைத் தொட வேண்டும். அதற்கு மேல் முங்கினால் அழுகிவிடும். காசியம்மாள் கிளாஸைத் தொடவே மாட்டேன் என்று சொல்லிவிட்டார். “நான் தொட்டு, அதுக்கும் எங்கையின்னு சொல்லவா? நீங்களே வைங்க,” என்றார். பன்னிரண்டு கிளாஸையும் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு ஜன்னலோரம் வரிசையாக வைத்து, அறையைப் பூட்டி, சாவியைத் தலைமையாசிரியர் வைத்துக்கொண்டார்.

நான் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் தங்கினேன். ஒரு நாளைக்குப் பத்து ரூபாய், கொசு இலவசம். தினமும் எட்டு பத்து பஸ், மூன்று கிலோமீட்டர் நடை, பள்ளிக்கூட ஜன்னல், திரும்ப பதினொன்றரை பஸ். இரண்டாம் நாள் இரண்டு பக்கமும் ஒன்றுமில்லை. தலைமையாசிரியர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். மூன்றாம் நாள் காசியம்மாளின் வெங்காயத்தில் நாலு, வெள்ளையாக நூல் விட்டிருந்தது. நாலாம் நாள் ஆறும். ஐந்தாம் நாள் வேர் சுண்டுவிரல் நீளத்துக்குக் கொத்தாகத் தொங்கியது, இரண்டில் பச்சைக் குருத்து தலைநீட்டியது. மண்டி வெங்காயத்தில் நாலு அப்படியே உட்கார்ந்திருந்தது. இரண்டில் மட்டும் ஊசிமுனை அளவுக்கு ஏதோ வெளியே வந்து அங்கேயே நின்றுவிட்டது.

ஊர்க்காரர்கள் ஜன்னலில் மொய்த்தார்கள். எல்லார் முன்னாலும் இரண்டு பக்கத்திலிருந்தும் ஒவ்வொரு வெங்காயத்தை நெடுக்காகக் கத்தியால் பிளந்தேன். காசியம்மாள் வெங்காயத்தின் நடுவில் குருத்து பச்சையாக இருந்தது. மண்டி வெங்காயம் வெளியே அத்தனை பளபளப்பு, நடுக்குருத்து மட்டும் பழுப்பாகச் செத்துக் கிடந்தது. யாராவது ஒருத்தர் காசியம்மாளிடம் ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். வெங்காயத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டே கலைந்து போனார்கள்.

மறுநாள் அரியலூர் கிளம்பினோம். நான், துரைராஜ், காசியம்மாள். கையில் நாலு கிளாஸ், இரண்டு வேர்விட்டது, இரண்டு வேர்விடாதது. தண்ணீர் தளும்பும் கண்ணாடிக் கிளாஸோடு பஸ் ஏறுவது எவ்வளவு பாடு என்று ஏறினால்தான் தெரியும். பெரம்பலூரிலிருந்து அரியலூர் முப்பது கிலோமீட்டர், இரண்டு ரூபாய் அறுபது காசு, ஒரு மணி நேரம். ரோடு முழுக்க சுண்ணாம்புக்கல் லாரி, குழிக்கு குழி குலுக்கல். கண்டக்டர் கிளாஸைப் பார்த்துவிட்டு, “வெங்காயத்துக்கு அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா?” என்று கேட்டு பஸ்ஸையே சிரிக்க வைத்தார். என்ன விஷயம் என்று துரைராஜ் சொன்னதும் சிரிப்பு நின்றது. முன்சீட்டு அம்மா ஒருவர் ஒரு கிளாஸைத் தன் மடியில் வாங்கி வைத்துக்கொண்டு அரியலூர் வரை முந்தானையால் மூடியபடி வந்தார்.

மண்டியில் என் கடிதம் ஒட்டியிருந்தது. அதற்குச் சந்தனம்கூட வைத்திருந்தார்கள். மண்டிக்காரர் என்னைப் பார்த்ததும் எழுந்து, “வாங்க சார் வாங்க, நீங்கதான எழுதுனது? ரொம்ப ஒதவி,” என்று நாற்காலி போட்டார். நான் உட்காராமல் நாலு கிளாஸையும் அவர் மேஜைமேல் வைத்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

அவர் கிளாஸைப் பார்த்தார், கடிதத்தைக் காட்டினார். “கதிர்வீச்சு இல்லைன்னு நீங்கதான சார் எழுதியிருக்கீங்க? இப்ப இருக்குங்கறீங்களா?”

“இல்லைதான். ஆனா காட்டியிருக்காங்க. நீங்க விதைக்குன்னு வித்தது விதைக்கு ஆவாத வெங்காயம்.”

கொஞ்ச நேரம் வாதாடினார். துரைராஜ் குரலை உயர்த்தியதும் ஆட்கள் கூடிவிட்டார்கள். அதன்பிறகுதான் உண்மை வந்தது. வெளியூரில் எங்கோ சேமிப்புச் சோதனைக்கு வைத்திருந்த சரக்கு, சோதனை முடிந்ததும் கழித்துக் கட்டியதை ஒரு தரகர் மூலம் வாங்கியிருக்கிறார். “சமையலுக்குன்னுதான் சார் எடுத்தேன். இவங்க வந்து விதைக்குக் கேட்டாங்க. கேட்டா இல்லைன்னு சொல்லலாமா? நான் ஒண்ணும் விதைன்னு சொல்லி விக்கலையே,” என்றார்.

“சரி, முளைக்கலைன்னு தெரிஞ்சதும் சொல்லியிருக்கலாமே? இந்தம்மா கையில கோளாறுன்னு ஏன் சொன்னீங்க?” என்று கேட்டேன்.

“ஊருல அப்புடித்தான சார் பேசிக்கிட்டாங்க? அவங்களே ஒரு காரணம் கண்டுபுடிச்சு வச்சிருக்கறப்ப, நான் ஏன் நடுவுல போவணும்?”

அந்த ஆள் பயந்துகொண்டு பொய் சொன்னவர் இல்லை. சாதாரணமாகச் சொன்னார், எண்ணெய் விலை சொல்வது போல. ஒரு பெண்ணின் பேரைத் தன் சரக்குக்கு மூடியாகப் போட்டுக்கொண்டதில் அவருக்கு ஒரு உறுத்தலும் இல்லை. அந்த மூடியில் குத்திய முத்திரை என்னுடையது.

கடிதத்தைக் கிழிக்கப் போனேன். காசியம்மாள் தடுத்தார். “கிழிச்சா அதுல என்னா எழுதியிருந்துச்சுன்னு அவரு வாய்க்கு வந்தத சொல்லுவாரு. இருக்கட்டும். அதுக்குக் கீழயே எழுதுங்க.”

எழுதினேன். மெஷின் பார்த்தது வெங்காயத்தில் இப்போது கதிர்வீச்சு இருக்கிறதா என்பதை மட்டும்தான், கதிர் காட்டப்பட்டதா என்று அது பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது, இந்தச் சரக்கு வேர் விடவில்லை, விதைக்கு உதவாது, நட்டவர் கையில் எந்தக் குறையும் இல்லை, முன்பு எழுதியது என் அறியாமை. மறுபடி கையெழுத்து. கூடியிருந்தவர்களில் ஒருவரைச் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். காசியம்மாள் வேர் விடாத கிளாஸ் இரண்டையும் மேஜையின் நடுவுக்கு நகர்த்தினார். அந்த ஆறு நாளில் அவர் கிளாஸைத் தொட்டது அப்போதுதான். “இத இங்கயே வச்சுக்குங்க. தெனம் தண்ணி ஊத்திப் பாருங்க,” என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார்.

துறைத்தலைவர் எனக்கு மெமோ கொடுத்தார், கல்லூரித் தாளில் அனுமதியில்லாமல் திருத்தம் எழுதியதற்கு. முதலில் தப்பாக எழுதியதற்கு ஒன்றும் கொடுக்கவில்லை. ஆண்டு அறிக்கையில் கிராமத்துக்கு அறிவியல் சேவை என்ற வரி அப்படியே அச்சாகி வந்தது.

இப்போது போகிறவர்களுக்குச் சில விஷயம். பஸ் வசதி இன்றைக்கு எவ்வளவோ மேல், நான் சொன்ன நேரத்தையும் டிக்கெட்டையும் நம்பிக் கிளம்பாதீர்கள், தூரம் மட்டும் மாறவில்லை. பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. ரயிலில் வந்தால் அரியலூரில் இறங்கி பஸ் பிடியுங்கள். மழை மாதத்தில் போனால் கறுப்பு மண் செருப்பைப் பிடித்துக்கொள்ளும், கையில் தூக்கிக்கொண்டு நடப்பதே மேல். வழியில் சின்ன வெங்காயம் வாங்கினால் சமையலுக்கா நடவுக்கா என்று முதலிலேயே சொல்லுங்கள். நடவுக்கு என்றால் ஆறு வெங்காயத்தை ஐந்து நாள் தண்ணீரில் வைத்துப் பாருங்கள், பக்கத்தில் தெரிந்த வீட்டுப் பட்டறை வெங்காயம் ஆறு. வேர் வராததற்குக் கதிர்தான் காரணம் என்று அதை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது, சூட்டில் வெந்திருக்கலாம், மருந்து தெளித்திருக்கலாம். ஆனால் நடக் கூடாது என்பது மட்டும் தெரிந்துவிடும். விவசாயிக்கு வேண்டியது அதுதான்.

மார்கழி முடிவதற்குள் கிடைத்த நல்ல வெங்காயத்தை வைத்து துரைராஜ் மறுபடி நடவு போட்டார். காசியம்மாள்தான் முதல் வெங்காயம் ஊன்ற வேண்டும் என்று அவரே வீட்டுக்குப் போய் அழைத்திருக்கிறார். என்னையும் வரச் சொல்லியிருந்தார். பன்னிரண்டு பெண்களும் பாத்தியில் இறங்கி நின்றார்கள். பார்க்க ஊரே வந்திருந்தது. காசியம்மாள் வரப்பிலேயே நின்றார், இறங்கவில்லை.

“ஒரு மாசமா எல்லாரும் எங்கையப் பாத்தாச்சு. இப்ப கையெழுத்துப் போட்ட கையி மொதல்ல எறங்கட்டும்,” என்று சொல்லி ஒரு வெங்காயத்தை எடுத்து என்னிடம் நீட்டினார்.

பேன்ட்டை மடித்துவிட்டுச் சேற்றில் இறங்கி ஊன்றினேன். பெண்கள் பக்கம் கொல்லென்று சிரிப்பு. வேர்ப்பக்கம் மேலே, குருத்துப் பக்கம் கீழே, தலைகீழாக வைத்திருக்கிறேன். அவசரமாகப் பிடுங்கித் திருப்பப் போனேன். காசியம்மாள் கையைக் காட்டி நிறுத்தினார். அவர் சிரிக்கவில்லை. ஊர்க்காரர்கள் பக்கம் திரும்பித்தான் அதைச் சொன்னார்.

“வுடுங்க சார், இருக்கட்டும். உசுரு இருக்கற வெங்காயம் தலகீழா வச்சாலும் திரும்பி மொளைச்சு வந்துரும். உசுரு இல்லாதத எந்தக் கையி வச்சிருந்தாதான் என்னா?”

அதன்பிறகுதான் அவர் வயலில் இறங்கினார்.